நிறுத்தச் சொன்ன ஓலை

"உபதேசியாரே, கண்ணால பாக்காம எத்தன நாளைக்குத்தான் நம்புறது?"

கேட்டவர் கஸ்பார். சங்கு குளிக்கிறவர். எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில் மூச்சடக்கி, பை நிறையச் சங்கோடு மேலே வருகிறவர். அந்தக் கடற்கரையில் அவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. அவரும் அதுவரை யாரிடமும் போய்க் கேள்வி கேட்டதில்லை.

உபதேசியார் ஞானாதிக்கம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கரிசல் காட்டிலிருந்து வந்தவர். கடலில் கால் நனைத்ததோடு சரி. ஊருக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் பங்குச் சாமியாருக்கு எழுத்து வேலை பார்ப்பதும் அவர் பிழைப்பு.

நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். பூசையில் வாசிப்பதற்காக, இறந்தவர்களின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"யார் பேரு அண்ணாச்சி?"

"எம் மவன் பங்கிராஸு."

உபதேசியார் பேனாவை மூடினார்.

பங்கிராஸ் கூரை ஓட்டுச் சுமை ஏற்றிய தோணியில் போனவன். புயல் அடித்து நாற்பது நாள் ஆகிவிட்டது. தோணியும் வரவில்லை, தகவலும் வரவில்லை. கூடப் போன ஐந்து பேரின் பெயர்களையும் அவரவர் வீட்டார் நேற்றே கொடுத்துவிட்டார்கள்.

"அப்ப ஓலை?"

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரைக் கோயிலில் வாசிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். பங்கிராஸுக்கும் பக்கத்து ஊர் செலஸ்தீனாவுக்கும் வருகிற ஞாயிறு அன்றுதான் முதல் ஓலை.

"நிறுத்திருங்க."

"பொண்ணு வீட்டுல நிறுத்தச் சொன்னாங்களா?"

"சொல்லல. அந்தப் புள்ள அவன் வருவான்னு கோயில்ல முழங்கால் போட்டே கெடக்கு. நாந்தான் சொல்லுதேன்."

கஸ்பார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பது நாளா நானும் ஜெபிச்சேன். ஒரு தந்தி, ஒரு கடுதாசி, ஏதாவது ஒரு அடையாளம் காட்டும்னு ஆண்டவர்கிட்ட கேட்டேன். ஒண்ணும் இல்ல. நான் கூப்பிடுதது அவருக்குக் கேக்கா, இல்ல தூங்குதாரா? எங்கள மறந்துட்டாரா?"

உபதேசியார் நோட்டைத் தள்ளி வைத்தார்.

"கடலுக்கு அடியில போனா, எப்படி மேல வருவீங்க அண்ணாச்சி?"

இது என்ன கேள்வி என்பதுபோல் கஸ்பார் பார்த்தார்.

"இடுப்புக் கயித்த ஒரு இழு இழுப்பேன். தூக்கிருவான்."

"யாரு?"

"எம் மச்சான் மனுவேலு. பொண்டாட்டிகூடப் பொறந்தவன் கையிலதான் கயித்தக் குடுப்போம். அதுதான் எங்க வழக்கம்."

இதைச் சொல்லும்போது அவ்வளவு துக்கத்திலும் அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"கீழ இருந்து பாத்தா மச்சான் தெரிவாரா?"

"எட்டுப் பாகத்துல என்ன தெரியும்? கலங்கலா ஒரு வெளிச்சம்."

"இழுத்த உடனே தூக்கிருவாரா?"

கஸ்பார் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"ஒருக்கத் தூக்கல. கயிறு பாறையில மாட்டிக்கிட்டு. இழுத்தேன், அசையல. மறுபடி இழுத்தேன், அப்பவும் அசையல. நெஞ்சு வெடிச்சிரும்போல இருந்துச்சு."

"கயித்த அவுத்துட்டு நீங்களே நீந்தியிருக்கலாமே?"

"அவுக்கல."

"ஏன்? மச்சான் தூங்கியிருப்பாரு."

"அவன் தூங்கமாட்டான்."

"பக்கத்து வள்ளத்துக்காரனோட பேசிக்கிட்டு இருந்திருப்பாரு."

"கயித்தப் பிடிச்சான்னா யார்கூடயும் பேசமாட்டான்."

"ஒருவேள உங்கள மறந்தே போயிருப்பாரு. நீங்கதான் கண்ணால பாக்கலயே."

கஸ்பார் எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தைப் பார்த்தால், உபதேசியாரை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடுவார் போலிருந்தது.

"அளந்து பேசும். அவன் மேல நின்னு கயித்தப் பாறையிலேர்ந்து விடுவிச்சுக்கிட்டு இருந்தான். உள்ளங்கைத் தோலு பூரா உரிஞ்சுபோச்சு. மேல வந்த பொறவுதான் அந்தக் கையப் பாத்தேன். ஆனா அவன் விடமாட்டான்ங்கது கீழ கெடக்கும்போதே எனக்குத் தெரியும். எம் மச்சான இந்தக் கடக்கரையில இதுவரைக்கும் ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னது கெடையாது."

"கோவப்படாதீங்க அண்ணாச்சி."

உபதேசியார் சுவரில் இருந்த, இயேசு சிலுவையில் அறையுண்ட பாடுபட்ட சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சானப் பத்தி நான் மூணே மூணு பேச்சுதான் பேசுனேன். அவரப் பத்தி நீங்க வந்ததுலேர்ந்து அதையேதான் பேசுதீங்க. அவரு ஒண்ணும் சொல்லல."

கஸ்பார் சுரூபத்தைப் பார்த்தார். வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஓலையை நிறுத்தாதீங்க."

"ஊரு சிரிக்கும் அண்ணாச்சி."

"சிரிக்கட்டும்."

"மாப்பிள்ளை எங்கன்னு சாமியார் கேப்பாரு."

கஸ்பார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லுங்க. முன் வரிசையில அவன் அப்பன் நிப்பான். கஸ்பார் மவன் பங்கிராஸுன்னு கடைசி ஆளு வரைக்கும் கேக்க வாசிக்கணும்."