முட்டுக் கார்டு

சர்வர் கணினிப் பெட்டிகள் தாராளமான உயரத்தில் இருந்த அந்தக் காலத்தில், மதர்போர்டில் ஏறுகிற எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. சிப் பேசும், ஃபேன் பேசும், திருகாணிகூட இரண்டு வார்த்தை பேசும். போர்டோடு புழங்குகிறவர்களுக்கு அது காதில் விழும்.

அந்தக் காலத்தில் போர்டு வரைந்தவர்களில் ஒருவர் சவரியப்பன். வரைந்து முடித்ததும் ஒரு மாதிரி போர்டைப் பெட்டிக்குள் இறக்கி, ஒவ்வொன்றிடமும், "இடம் போதுமா?" என்று கேட்பார். எல்லாம் "போதும்" என்ற பிறகுதான் கையெழுத்துப் போடுவார். பெட்டியின் மூடி மட்டும் சுவரில் ஆணியில் தொங்கும். அதைக் கேட்பது வழக்கமில்லை. போர்டில் நிற்கிற கார்டுகளின் தலைக்கும் மூடிக்கும் நடுவே எப்போதும் நான்கு விரல் இடைவெளி இருந்தது. பிறகு எதற்குக் கேட்க வேண்டும்?

அவருடைய போர்டில் இரண்டு கார்டுகள் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகி நிமிர்ந்து நிற்கும். அக்கா டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்வாள். தங்கை வெளியூர் சர்வர்களோடு பேசிக்கொண்டிருப்பாள். வெப்பம் ஏறும்போது அக்கா தன் வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தங்கை பக்கம் காற்றை விடுவாள்.

ஒருநாள் முதலாளி சிங்கராயர் மெலிந்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உயரம் இரண்டரை விரல்தான்.

"இதுக்குள்ள எல்லாம் அடங்கணும் சவரியப்பா. ஒரே அலமாரியில நாப்பது அடுக்கப் போறேன்."

சவரியப்பன் வரைந்தார். வழக்கம்போல மூடியை ஆணியில் மாட்டிவிட்டு எல்லோரையும் கேட்டார். எல்லோரும் போதும் என்றார்கள். கையெழுத்துப் போட்டார். இருநூறு போர்டுகள் வந்து இறங்கின.

முதல் போர்டைப் பொருத்தி மூடியை வைத்தபோதுதான் தெரிந்தது. மூடி உட்காரவில்லை. இரண்டு கார்டுகளின் தலைமேல் ஊஞ்சல் பலகைபோல ஆடியது.

"எல்லாரையும் கேட்டீங்க, மூடியைக் கேட்டீங்களா?" என்றது ஓரத்தில் நின்ற குண்டு கண்டென்சர். "எங்களை மட்டும் நல்லா விசாரிக்கத் தெரியுது!"

சவரியப்பனுக்கு வேர்த்தது. சாயங்காலம் முதலாளி பார்க்க வருவார்.

"கார்டு நிக்க முடியாது. படுக்கணும்," என்றார். "ஒருத்தி படுத்தா ரெண்டு ஸ்லாட்டையும் அடைச்சிடுவா. ஒருத்திக்குத்தான் இடம்."

"ஸ்லாட்டைப் பக்கவாட்டில திருப்பி, தள்ளிப் போட்டு வேற போர்டு வரையலாமே சார்," என்றாள் அக்கா. "நான் இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். ரெண்டு பேரும் படுத்துக்குவோம்."

அவள் சொன்னது சரிதான். அவர் மனதிலும் அந்தப் படம் ஓடிவிட்டது. ஆனால் அதற்கு, மூடியை வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

"அதுக்கெல்லாம் நேரமில்லை," என்றார் சவரியப்பன். "டிஸ்க் வேலையை போர்டே பார்த்துக்கும். தங்கை இருக்கட்டும்."

"ஸ்லாட் வாய் மேல பாத்து இருக்கு, நான் படுத்தா எட்டாதே!" என்று தங்கை அழுதாள்.

அக்கா மூடியை அண்ணாந்து பார்த்தாள். "நான் ஸ்லாட்டுல நிக்கிறேன். அவ என் தோள்ல படுத்துக்கட்டும்."

"உன் தலை இடிக்கும். வெட்டணும். சிப்பையெல்லாம் எடுத்துடணும்," என்றார் சவரியப்பன்.

"சிப் போனா எனக்குப் பேச்சு?"

"போயிடும். கார்டுக்கு வாயே சிப்புதான்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். "யாராவது கேட்டா, இது என் அக்கான்னு சொல்லுவியாடி?"

"இதைக் கேக்கணுமாக்கா?"

வெட்டினார்கள். சிப்புகளைச் சூடு வைத்துக் கழற்றினார்கள். மிஞ்சியது ஒரு சிறு பட்டையும் அதில் ஓடும் செம்புக் கோடுகளும். அது ஸ்லாட்டில் நின்றது. தங்கை அதன் தோளில் குறுக்கே படுத்தாள். மூடி சரியாக உட்கார்ந்தது.

சாயங்காலம் சிங்கராயர் வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார்.

"அட, படுக்க வச்சிட்டியே! சரி, அடியில நிக்கிறது என்ன? ரெண்டாவது கார்டா? ரெண்டுக்கு இங்க ஏது இடம்? ஒண்ணைக் கழட்டு."

சவரியப்பன் தரையைப் பார்த்தார். தங்கைக்குப் பயம் வந்துவிட்டது. கழற்றுகிற கை தன் மேலேயே விழுந்துவிட்டால்?

"கார்டெல்லாம் இல்லீங்க," என்றாள். "அது வெறும் முட்டு."

அவள் பேசுவது எதுவானாலும் தோள் வழியாக இறங்கித்தான் போர்டுக்குப் போக வேண்டும். அந்தச் சொல்லும் அக்காவின் உடம்பு வழியாகத்தான் போனது.

"கெட்டிக்காரன்யா நீ," என்று சவரியப்பனைத் தட்டிக்கொடுத்துவிட்டு முதலாளி மூடியை மூடினார்.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு குண்டு கண்டென்சர்கூட எதுவும் சொல்லவில்லை. அடுத்த போர்டு வரைந்தபோது சவரியப்பன் முதலில் மூடியைத்தான் அளந்தார். பிறகு பழக்கத்தில், "இடம் போதுமா?" என்று கேட்டார். ஒன்றும் வாய் திறக்கவில்லை. மறுபடி அவர் கேட்கவும் இல்லை.

மெலிந்த சர்வருக்குள் கார்டு படுத்துக் கிடப்பதும், போர்டில் உள்ளவை மனிதர் காதுக்கு ஊமையாகிப் போனதும் அன்று முதல்தான். படுத்த கார்டைத் தாங்கி நிற்கிற சிறு பட்டையில் இன்றைக்கும் ஒரு சிப் இருக்காது. உலகத்தோடு தங்கை பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அதன் வழியாகத்தான் போகிறது. அதில் ஒன்றுகூட அதனுடையது இல்லை.