அக்கறைக் கரை

ஒரே ஒரு கடலிலே ஒரே ஒரு தீவு இருந்ததாம். அந்தத் தீவுக்கு இரண்டு கரைகளாம். கிழக்கே இருந்தவள் வெண்மணல். மேற்கே இருந்தவள் அக்கரை.

உடன்பிறந்தவர்கள்தான். ஆனால் வெண்மணலின் வீட்டில் தினமும் கல்யாணம். படகு வந்து நிற்கும், வெளியூர்க்காரர்கள் குடையும் கூடையுமாக இறங்குவார்கள். இளநீர் சீவுகிற சத்தம், பஜ்ஜி வாசனை, பிள்ளைகளின் கூச்சல். அக்கரையின் வீட்டுக்கு வருவது நண்டுகள் மட்டும்.

அழகில் அக்கரை ஒன்றும் குறைந்தவள் இல்லை. ஓரத்தில் தாழம்புதர் நிழல், தங்கப் பொடி மாதிரி மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். அந்தக் கண்ணாடிக்கு அடியில் ஒருவன் குடியிருந்தான். அவன் பெயர் இழுவை. மேலே அலை சிரித்துக்கொண்டிருக்கும்போதே கீழே இவன் காலைப் பிடித்து ஆழத்துக்குக் கொண்டுபோய்விடுவான். அவனிடம் போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

அதனால் அந்தத் தீவில் ஒருவர் இறந்துபோனால், இறந்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. "அக்கரைக்குப் போயிட்டார்" என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள்.

தன் பெயர் சாவுக்குப் பெயராகிப் போனதில் அக்கரைக்கு ஆறாத வருத்தம். தீவின் முனையில் அக்காள் தங்கை இருவரின் தோளும் உரசும். அங்கே வைத்துக் கேட்பாள்.

"அக்கா, மனுசக் கால் எப்படி இருக்கும்?"

"அதை ஏன்டி கேக்குற? சூடா இருக்கும். மிதிச்சு மிதிச்சு என் முதுகே போச்சு. நீ குடுத்து வச்சவ, நிம்மதியாப் படுத்திருக்க."

"அத்தனை பேர் வர்றாங்களே. ஒரே ஒரு ஆளை இந்தப் பக்கம் அனுப்பேன்."

"அனுப்புறதுக்கு இது என்ன அரைக்கிண்ணம் சர்க்கரையாடி?" என்று வெண்மணல் சிரித்தாள். அதற்குள் அவளைக் கூப்பிடப் புதிதாக ஒரு படகு வந்துவிட்டது.

இப்படி இருக்கையில், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு பெயர்ப்பலகை நட்டார்கள். எழுத வந்த பெயிண்டர் அசலூர்க்காரர். அக்கரை என்று எழுதச் சொன்னால், சின்ன ரகரத்தை விட்டுவிட்டுப் பெரிய றகரத்தைப் போட்டு, 'அக்கறை' என்று எழுதி, பக்கத்தில் அழகாக ஓர் அம்புக்குறியும் வரைந்துவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். "ஒரு எழுத்துத்தானே? எது எந்தக் கரைன்னு நமக்குத் தெரியாதா?" என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

பலகைக்குத் தலைகால் புரியவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தது.

"அடியே மேற்குக்காரி! உன் பேரை நான் மாத்திட்டேன். பழைய பேரைக் கேட்டா ஓடுவாங்க. இந்தப் பேரைப் பார்த்தா வருவாங்க, பாரு."

"என்ன பேரு வச்ச?"

"வர்றவங்க வாயால கேட்டுக்க," என்றது பலகை, கம்பீரமாக.

அன்று மத்தியானப் படகில் ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். அவன் குணாளன், அவள் சுகந்தி. வெண்மணலில் கால் வைக்க இடமில்லை.

"ஏங்க, இதுக்கா படகுல வாந்தி எடுத்துக்கிட்டு வந்தோம்? நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டே தேவலை."

"எல்லா வசதியும் இங்கதான் இருக்கு சுகந்தி. துணி மாத்த ரூம் இருக்கு. சூடா பஜ்ஜி இருக்கு…"

"பஜ்ஜி திங்கவா கடலுக்கு வந்தேன்?"

எந்தக் கடலுக்குப் போனாலும் சுகந்திக்கு ஒரே வேலைதான். மற்றவர்கள் குளித்துவிட்டு வரும்வரை செருப்புகளுக்குக் காவல். மாமியார் செருப்பு, நாத்தனார் செருப்பு, பிள்ளைகள் செருப்பு. "நீதான் பத்திரமா பார்த்துப்ப" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். கடல் அவளுக்குக் கணுக்கால்வரைதான் பழக்கம். இந்தத் தடவை கழுத்துவரை இறங்கிவிட வேண்டும் என்று வந்திருந்தாள். ஊரே நின்று வேடிக்கை பார்க்கிற இடத்தில் அல்ல.

பாதை பிரிகிற இடத்தில் பலகையைப் பார்த்தாள்.

"அக்கறை! பேரே எவ்வளவு நல்லா இருக்கு, பாருங்க. இங்க போவோம்."

"அந்தப் பக்கம் ஒருத்தரையும் காணோமே."

"அதனாலதான் சொல்றேன். வாங்க."

தாழம்புதரைத் தாண்டியதும் சுகந்தி செருப்பைக் கழற்றிக் குணாளன் கையில் கொடுத்தாள். "இந்தாங்க. இன்னிக்கு நீங்க காவல்." அவன் சிரித்துக்கொண்டே நிழலில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் மணலில் கால் வைத்தாள்.

அக்கரை மூச்சை அடக்கிக்கொண்டாள். அக்கா சொன்ன சூடு இருந்தது. அக்கா சொல்லாததும் இருந்தது. குதிகாலில் வெடிப்பு. வலது காலைவிட இடது கால் கொஞ்சம் அழுத்தி வைக்கிற பழக்கம். விரல்கள் ஐந்தும் மணலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தன. ஒரு உயிரின் முழு பாரம் தன்மேல் நிற்பது இப்படித்தான் இருக்குமா? இதற்கா அக்கா அலுத்துக்கொள்கிறாள்?

சுகந்தி அப்படியே படுத்துக் கன்னத்தை மணலில் வைத்தாள். "ஏங்க, இங்கேயே இருந்துடலாம் போல இருக்கு."

அந்த வார்த்தை அக்கரைக்குள் ஈரமாக இறங்கியது. இழுவையும் அதைக் கேட்டுவிட்டான்.

"கேட்டியா?" என்றான், தண்ணீருக்கு அடியிலிருந்து. "அவளே சொல்லிட்டா. நீ சும்மா இரு, போதும். உன்கிட்ட இருந்தா இருட்டுறதுக்குள்ள எழுந்து போயிடுவா. என்கிட்ட வந்துட்டா போகவே மாட்டா. நம்மகூடவே இருப்பா."

அக்கரை அந்தக் கன்னத்தின் சூட்டிலேயே லயித்துக் கிடந்தாள்.

சுகந்தி எழுந்து தண்ணீரில் இறங்கினாள். கணுக்கால் நனைந்தது. கெண்டைக்கால் நனைந்தது. "ஏங்க, முட்டிவரைக்கும் வந்துட்டேன்!" என்று கத்திச் சிரித்தாள். பள்ளிக்கூடம் விட்ட பெண் சிரிக்கிற சிரிப்பு. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் ஒரே ஒரு எட்டு என்று அக்கரையும் ஆசைப்பட்டுக்கொண்டே கிடந்தாள்.

தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. அப்போதுதான் அக்கரைக்கு அது புரிந்தது. பாரம் குறைந்துகொண்டு வந்தது. அந்த இடது கால் முன்போல அழுந்தவில்லை. குதிகால் எழும்பிவிட்டது. விரல்கள் மட்டும் மணலைத் தொட்டுக்கொண்டிருந்தன. இழுவையிடம் போகிறவர்கள் கரையின்மேல் நிற்பதில்லை. நம்மகூட என்று அவன் சொன்னது அவனை மட்டும்தான்.

"விடுடா அவளை!"

"இனிமே என்ன விடுறது?" என்றான் அவன்.

அக்கரை தன் மடியில் மூடி வைத்திருந்த சிப்பி ஓடுகளை மேலே தள்ளினாள்.

"ஆ! என்னமோ குத்துது," என்று சிரித்துக்கொண்டே சுகந்தி விலகி நின்றாள். விலகியவள் மறுபடி முன்னால்தான் போனாள். அக்கரை இன்னும் கொஞ்சம் ஓடுகளைத் தள்ளினாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். இத்தனை வருட ஆசை, ஒரு முள்ளுக்குப் பயந்து திரும்புமா?

வேறு வழியில்லை. அத்தனை ஆசையாக வாங்கிக்கொண்ட அந்தப் பாதத்துக்கு அடியிலிருந்து அக்கரை தன் மணலை உருவிக்கொண்டாள். கீழே கத்தி போல நின்ற பாறையைக் காட்டினாள்.

சுகந்தி அலறினாள். தண்ணீர் சிவந்தது. குணாளன் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து, அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டான். கைக்குட்டையால் காலைக் கட்டினான்.

"சனியன் பிடிச்ச கரை!" என்று அழுதாள் சுகந்தி. "ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டேன். அது பொறுக்கலை இதுக்கு."

"நான் அப்பவே சொன்னேன், அங்கேயே…"

"இப்ப அதான் முக்கியமா? கையைக் குடுங்க."

அவன் செருப்பைத் தேடி எடுத்து வந்தான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நொண்டி நொண்டி நடந்தபோதும் ஒவ்வோர் அடியிலும் அந்த இடது கால் அழுந்தத்தான் செய்தது.

"பார்த்தியா?" என்றான் இழுவை. "ஆசையா வந்தவ. இப்போ உன்னைத் திட்டிக்கிட்டே போறா. என்கிட்ட விட்டிருந்தா ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டா."

"பேசட்டும்," என்றாள் அக்கரை.

தாழம்புதருக்கு அருகில் சுகந்தி ஒருமுறை திரும்பி, "நீ நல்லா இருப்பியா!" என்றாள். பிறகு திரும்பவில்லை. வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே, மூச்சு வாங்க வாங்க, நடந்து போனாள்.