நாற்பது இலையும் செவந்தி முயலும்

கொன்றைக் காட்டு ஓடைக்கரையில் செவந்தி என்ற முயல், கரடி டாக்டரிடம் பச்சிலை வைத்தியம் படித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பது இலை. பரீட்சையில் தேறினால் அக்கரைக்கு வைத்தியராகப் போகலாம். அவளுடைய அக்கா அங்கேதான் நாலு குட்டிகளை வைத்துக்கொண்டு, ஒரு காய்ச்சல் வந்தால்கூடக் காட்ட ஆளில்லாமல் தவித்தாள்.

செவந்திக்குப் பரீட்சையை நினைத்துப் பயமே இல்லை. நாற்பதையும் வரிசையாக மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவாள். வகுப்பே வாய் பிளந்து கேட்கும்.

கூடப் படித்த முள்ளம்பன்றி மருதன் வேறு மாதிரி. சாயங்காலமானால் நாவல் மரத்தடியில் இலைகளைக் கலைத்துப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பான். தெரிந்தால் இந்தப் பக்கம், தெரியாவிட்டால் அந்தப் பக்கம். குப்பை கிளறுகிறான் என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது செவந்தியும் போய்ச் சீண்டினாள். "என்ன மருதா, இன்னிக்கு எத்தனை கூடை குப்பை?"

"சொல்றேன். முதல்ல நீ சொல்லு, தேள் கொட்டினா எந்த இலை?"

செவந்தி முதல் இலையிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினாள். பத்தொன்பதாவதில்தான் பதில் வந்தது.

"அதுக்குள்ள கொட்டு வாங்கினவன் துடிச்சே போயிடுவான்," என்று மருதன் சிரித்தான். "சரி, குவியல்ல அது எதுன்னு காட்டு."

அவள் மூன்று இலைகளைத் தொட்டாள். மூன்றையும் விட்டுவிட்டாள். அக்காவின் குட்டிகள் கண்ணுக்குள் வந்து நின்றன. அங்கேயே உட்கார்ந்து நாற்பதையும் எடுத்துப் பார்த்தாள். தெரிந்தது பதின்மூன்றே.

மறுநாளிலிருந்து ஒப்பிப்பதை விட்டாள். இன்றைக்கு எதில் தடுமாறினேன், ஏன் தடுமாறினேன் என்று தினமும் தன்னையே கேட்டாள். இரண்டு இலைகள் ஓயாமல் குழப்பின. முன்பக்கத்தை மட்டும் பார்ப்பதுதான் காரணம் என்று பிறகு பிடிபட்டது. திருப்பினால், ஒன்றின் முதுகில் மெல்லிய ரோமம் இருந்தது.

பரீட்சையில் கரடி இலைகளைக் கலைத்துப் பரப்பினார். முப்பத்தொன்பதைச் சரியாகச் சொன்னாள். கடைசி இலைக்கு ஏதாவது பெயரை அடித்துவிடலாமா என்று ஒரு நொடி நாக்கு துடித்தது.

"இது எனக்குத் தெரியலை, டாக்டர். நேத்தும் இதுலதான் தடுமாறினேன்."

அளவு தப்பினால் உயிரையே எடுக்கும் இலை அது. கரடி அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

"தெரியாததைத் தெரியலைன்னு சொல்றவ கையிலதான் குட்டிகளை நம்பிக் கொடுக்கலாம். இதை மட்டும் என்கிட்ட கத்துக்கிட்டு, நாளைக்கே அக்கரைக்குக் கிளம்பு."

தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று தன்னையே சோதித்துப் பார்த்துப் படிப்பவருக்கே படிப்பு உதவும்.