மிதக்கும் மேடை

கல்லாற்றங்கரைக் காட்டில் குமிழி என்ற நீர்நாய் வசித்தாள். கோடை தொடங்கும் முன் ஆண்டுதோறும் நடக்கும் பண்டமாற்றுக் கூட்டத்தை நடத்துவது அவள் பொறுப்பு.

அந்தக் கூட்டம் வெறும் வேடிக்கைக்காக நடந்ததல்ல. முள்ளம்பன்றி கிழங்கு கொண்டுவருவார். அணில்கள் விதை கொண்டுவரும். முயல்கள் உலர்ந்த புல்லும் வேரும் கொண்டுவரும். யாரிடம் எது மிச்சம் இருக்கிறது, பசி வந்தால் யாரைத் தேடிப் போகலாம் என்று எல்லோரும் தெரிந்துகொள்ளும் நாள் அது.

ஆனால் வரவர அந்தக் கூட்டத்தில் உயிரே இல்லை. கிழ ஆமை எழுந்தால் கிழங்கு வகைகளைப் பற்றி உச்சிப்பொழுது வரை பேசுவார். காட்டுப்பன்றி குறட்டை விடுவார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிவிடுவார்கள்.

சென்ற கோடையில் ஓர் எலிக் குடும்பம் பட்டினியால் செத்துப்போனது. கூப்பிடு தூரத்தில்தான் முள்ளம்பன்றியின் வளை இருந்தது. உள்ளே கிழங்கு குவிந்து கிடந்தது. முள்ளம்பன்றி அதைக் கூட்டத்தில் சொல்லியும் இருந்தார். எலிகள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தன.

அதை நினைத்தால் குமிழிக்கு மீன் இறங்காது. "இந்த ஆண்டு ஒருவரும் தூங்கக் கூடாது. கேட்டது ஒவ்வொருவர் நெஞ்சிலும் நிற்க வேண்டும்" என்று உறுதி எடுத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு யோசனையோடு வந்தவன் மருதன் என்ற முயல்.

"அக்கா, பேச்சைக் குறைத்துவிடுங்கள். கிழங்கை ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். தின்று பார்த்தவன் மறக்க மாட்டான்!"

"இவ்வளவுதானா? இது யாருக்கும் தோன்றுமே!" என்று குமிழி உதட்டைப் பிதுக்கினாள். "காடே வாயைப் பிளக்கும்படி ஏதாவது சொல்!"

மருதனுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. போய்விட்டான்.

அடுத்து வந்தவன் சாம்பன் என்ற நரி. ஆற்றின் கீழ்வளைவில், நீர் ஆழம் குறைந்து மணலில் பரவும் இடத்தில், அவன் குகை இருந்தது.

"தங்கச்சி, தரையில் உட்காரவைத்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும்! மூங்கிலைக் கட்டி ஆற்று மடுவின் நடுவே ஒரு மேடையை மிதக்கவிடு! சுற்றிலும் தண்ணீர், நடுவில் கூட்டம்! எந்தக் காட்டிலாவது இப்படி நடந்ததுண்டா?"

குமிழியின் கண்கள் விரிந்தன. மேடை அப்போதே அவள் மனத்தில் மிதக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் கேட்டாள்: "உனக்கு இதில் என்ன அக்கறை, சாம்பா?"

"நல்ல காரியம் நடந்தால் காட்டுக்கே பெருமைதானே, தங்கச்சி! எனக்குக் கூட்டத்தில் இடம்கூட வேண்டாம். தூர இருந்து பார்த்துக்கொள்கிறேன்."

அன்றே வேலை தொடங்கியது. அணில்கள் கொடி அறுத்துப் போட்டன. குமிழியின் தம்பிகள் மூவரும் மூங்கிலை இழுத்துவந்து கட்டினார்கள். கட்டி முடித்ததும் நான்கு நீர்நாய்களும் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். மேடை அசையவே இல்லை.

குமிழிக்கு இன்னொரு யோசனையும் பிறந்தது. தம்பிகளைக் கூப்பிட்டாள்.

"கூட்டத்தின் நடுவில் நான் வாலால் தட்டுவேன். உடனே மூவரும் இடப்பக்கம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்ப வேண்டும். மீன்களை உயரே வீசிப் பிடிக்க வேண்டும். யாரிடமும் மூச்சு விடாதீர்கள். முன்கூட்டியே தெரிந்தால் சுவை போய்விடும்!"

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மருதன் மறுபடி வந்தான்.

"அக்கா, எங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"மிதக்கப்போவது மேடைதானே மருதா, நீங்களா?" என்று சிரித்தாள் குமிழி.

"மேடை கவிழ்ந்தால்?"

"நான் இருக்கிறேன்! தம்பிகள் இருக்கிறார்கள்!"

"நீங்கள் நாலு பேர். நாங்கள் முப்பது பேர் வருகிறோம்."

"இப்படிப் பயந்துகொண்டே இருந்தால் இன்னும் நூறு வருஷம் ஆமை தாத்தா பேச்சைத்தான் கேட்க வேண்டும்! உன் வெட்சியைக் கேட்டுப் பார். அவள் எவ்வளவு ஆசையாக இருக்கிறாள் தெரியுமா?"

அது உண்மைதான். மருதனின் மனைவி வெட்சி அந்த மேடையைத் தினமும் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். அவளுக்காக மருதனும் வரச் சம்மதித்தான்.

கூட்ட நாள் வந்தது. இளவெயில் நேரத்தில் எல்லோரும் ஏறினார்கள். தம்பிகள் மேடையை மடுவின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். காற்று குளிர்ந்து வீசியது. குட்டிகள் கூவின. முள்ளம்பன்றி தன் கிழங்கைப் பற்றிச் சொன்னபோது ஒருவரும் தூங்கவில்லை. கீரி ஒருத்தி தன் இரண்டு குட்டிகளை அணைத்தபடி, "எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?" என்று கேட்டாள். காட்டுப்பன்றிகூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

குமிழியின் நெஞ்சு பூரித்தது. இதுதான் நேரம் என்று நினைத்தாள். வாலைத் தூக்கிப் படீரென்று தட்டினாள்.

இடப்பக்கம் நீர் வெடித்தது. மூன்று நீர்நாய்கள் எழும்பின. மீன்கள் வெயிலில் வெள்ளியாகப் பறந்தன.

"அதோ! அதோ பாருங்கள்!"

முப்பது பேரும் இடப்பக்கம் ஓடினார்கள். காட்டுப்பன்றியும் ஓடினார்.

மேடை ஒருமுறை முனகியது. அப்படியே ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது.

குமிழி பாய்ந்தாள். கண்ணில் பட்ட ஒரு முயலைக் காதைக் கவ்விக் கரையில் போட்டாள். திரும்பினாள். ஓர் அணிலைப் போட்டாள். மறுபடி திரும்பினாள். முள்ளம்பன்றியை முட்டித் தள்ளியபோது முட்கள் மூக்கில் ஏறின. பொருட்படுத்தவில்லை. தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் மூழ்கி எழுந்தார்கள். காட்டுப்பன்றி தானே நீந்திக் கரையேறினார். கரையேறிய மருதன், "வெட்சி! வெட்சி!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

மடுவின் வாயில், நீர் சுழித்துக் கீழே இறங்கும் இடத்தில், குமிழி வெட்சியைப் பார்த்தாள். கால்கள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. அதற்குச் சற்று இப்பால் கீரிக் குட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று பிடித்தபடி மூழ்கிக்கொண்டிருந்தன.

அவளுக்கு இருந்தது ஒரே வாய். குட்டிகளைக் கவ்வினாள்.

அவற்றைக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பியபோது மடுவின் வாய் காலியாக இருந்தது.

நீரோட்டத்தோடு கீழ்வளைவு வரை நீந்திப் போனாள். அங்கே மணலில் ஐந்து பேர் உயிரற்றுக் கிடந்தார்கள். மூன்று முயல்கள், ஓர் அணில், குட்டிகளின் தாய்க் கீரி. முழங்கால் அளவு நீரில் நின்று ஆறாவது உடலை இழுத்துக்கொண்டிருந்தான் சாம்பன். அது வெட்சி.

"பாவி! இதற்காகத்தானா மேடை போடச் சொன்னாய்?" என்று குமிழி அலறினாள்.

சாம்பன் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டான்.

"கத்தாதே, தங்கச்சி. மேடை மிதக்கட்டும் என்றுதான் நான் சொன்னேன். ஆடுகிற மேடையில் அத்தனை பேரையும் ஒரே பக்கம் ஓடவைத்தது யார்?"

குமிழி திரும்பி, மடுவில் கவிழ்ந்து கிடந்த மேடையைப் பார்த்தாள். மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகியது. அவள் பார்வை திரும்பிய அந்தக் கணத்தில் அவன் வெட்சியைப் புதருக்குள் இழுத்துப் போய்விட்டான்.

தம்பிகள் வந்து மற்ற ஐந்து உடல்களையும் காத்தார்கள். கரையோரம் குழி தோண்டிப் புதைத்தார்கள். மருதன் புதைக்க எதுவுமில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். குமிழி மெல்ல அவன் அருகே போனாள்.

"மருதா, நான் என்ன செய்ய வேண்டும் சொல். எது சொன்னாலும் செய்கிறேன்."

மருதன் தலையை நிமிர்த்தினான்.

"உங்கள் கூட்டத்தைப் பற்றி இத்தனை நாளும் நானாகத்தான் வந்து வந்து சொன்னேன். நீங்களாக என்னிடம் ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை, அக்கா."

எழுந்து காட்டுக்குள் போனான்.

அதன் பிறகு அந்த ஆற்றங்கரையில் கூட்டம் நடக்கவில்லை. யார் கூப்பிட்டாலும் யாரும் வருவதாக இல்லை. கோடை முற்றியது. யாரிடம் எது இருக்கிறது என்று தெரியாமல் வளைகளில் பசி புகுந்தது. குமிழி மடுவின் அடியிலிருந்து தாமரைக் கிழங்குகளைப் பறித்து ஒவ்வொரு வளை வாசலிலும் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் கிழங்குகள் வைத்த இடத்திலேயே வாடிக் கிடந்தன. அவள் தொட்டதைத் தின்ன யாரும் துணியவில்லை. ஆனாலும் அந்தக் கோடை முழுவதும் அவள் கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருந்தாள்.

வந்தவர்களை வியக்கவைக்க நினைப்பவர், அவர்கள் பத்திரமாக வீடு திரும்பும் வழியை அவர்களிடமே கேட்டு முதலில் உறுதி செய்ய வேண்டும்.