தில்லுக்கு ஒரு சொல்

மும்பை இசையமைப்பாளர் மெஹ்ரோத்ரா ஒரே மெட்டை ஹிந்தியிலும் தமிழிலும் பாட்டாக்கிக்கொண்டிருந்தார். ஹிந்திப் பதிவு முடிந்துவிட்டது. தமிழ்ப் பாட்டெழுதக் கோடம்பாக்கம் ஸ்டூடியோவுக்கு வந்தவள் கோவில்பட்டி இசக்கியம்மாள். அவளுக்கு இதுதான் முதல் படம்.

ஹிந்திப் பல்லவியில் ஒவ்வொரு வரியும் 'தில்' என்று முடிந்தது. அந்த இடத்தில் மெட்டு ஒரு கணம்தான் நிற்கும்.

"இதயம், நெஞ்சம், உள்ளம், எல்லாமே நீளம்," என்றார் மெஹ்ரோத்ரா, தனக்குத் தெரிந்த தமிழில். "ஹிந்திப் பாட்டு வழுக்கிட்டுப் போகும். தமிழ்ப் பாட்டு கல்லுல மோதும். தில் மாதிரி சின்னதா ஒரு சொல் கொடு. மதியச் சாப்பாட்டுக்குள்ள வரலைன்னா வேற ஆளைக் கூப்பிடுவேன்."

இசக்கியம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தவில்காரர் மாடசாமியிடம் போனாள்.

"அண்ணே, நான் பாடி நிறுத்துற இடத்துல மெதுவா ஒரு அடி கொடுங்க."

"மழை நின்ன பிறகும் நனையுது என்..." என்று பாடி நிறுத்தினாள். தவில் 'தொம்' என்றது. "பூட்டி வச்சும் ஓடிப்போச்சு என்..." மறுபடியும் 'தொம்'.

வயலின்காரர்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள்.

"சொல் எங்கே?" என்றார் மெஹ்ரோத்ரா.

"அது துடிக்கிறதே கேக்குது சார். அப்புறம் பேர் எதுக்கு?"

மெஹ்ரோத்ரா கண்ணை மூடி இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டார். பிறகு மும்பையிலிருந்த உதவியாளருக்குப் போன் போட்டார். ஹிந்திப் பாட்டிலும் தில் வரும் இடங்களையெல்லாம் அழித்துவிட்டுத் தவில் அடியைச் சேர்க்கச் சொன்னார். ஏன் என்று அங்கே கேட்டார்கள் போலிருக்கிறது.

"இங்கே ஒரு மேடம் சொல்றாங்க," என்றார்.