பறக்காத புறாக்கள்

இங்கிலாந்தில், கடலை ஒட்டின ஒரு சின்ன ஊரில் ஆம்ப்ரோஸ் என்று ஒருத்தர் இருந்தார். இளவயசில் பத்திரிகை நிருபர். பிறகுதான் சரித்திரம் எழுத உட்கார்ந்தார். "ஆம்ப்ரோஸ் எழுதினால் அது நடந்திருக்கும்" என்று ஊரே சொல்லும்.

அவரிடம் சரித்திரம் கற்றவள் ரோவெனா. அவளுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஏழு வருஷம் உழைத்து, அந்த ஊரின் கதையைத் தன் முதல் புத்தகமாக எழுதி முடித்திருந்தாள். மறுநாள் அது அச்சுக்குப் போக வேண்டும்.

அன்று வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. தொட்டிலைத் தாண்டிப் போகிறவள் அடி வைக்கிற மாதிரி, சத்தமே இல்லாமல் விழுந்தது.

ரோவெனா அவர் வீட்டில் உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். போர் முடிந்த நாள். சதுக்கத்தில் அறிவிப்பு வந்ததும் மணிகள் ஒலித்தன. ஜனங்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆயிரம் வெள்ளைப் புறாக்கள் எழும்பி வானத்தை மூடின.

ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புறாவை யார் பார்த்தது?"

"அன்றைய சாயங்காலப் பத்திரிகையில இருக்கு ஐயா. வயசானவங்க பன்னிரண்டு பேரைக் கேட்டேன். எல்லாரும் பார்த்திருக்காங்க. ரொட்டிக்கடை டில்டாம்மா தோளிலேயே ஒண்ணு வந்து உட்கார்ந்துச்சாம்."

"டில்டா அன்னைக்குக் காய்ச்சல்ல கிடந்தா. அவ வீட்டு மாடியிலதான் அப்போ நான் குடியிருந்தேன்."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"பத்திரிகை பதினோரு மணிக்கு அச்சுக்குப் போயிடும். அறிவிப்பு பன்னிரண்டு மணிக்கு. நடக்கப்போறதைக் காலையிலேயே நானா எழுதிக் கொடுத்துட்டேன். அந்தப் புறா எல்லாம் நான் விட்டது. அப்புறம்தான் சதுக்கத்துக்குப் போனேன்."

நோட்டில் பென்சில் எழுத்து மங்கியிருந்தது. ரோவெனா வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள்.

'பனி. மணி ஒலிக்கவில்லை. யாரும் பேசவில்லை. ஒரு அம்மா மட்டும், "அப்ப என் பிள்ளை?" என்று கேட்டாள். பதில் இல்லை. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.'

இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். பார்க்கப் பார்க்கப் பனி சிறகு சிறகாக இருந்தது.

"சில நாள் எனக்கே தெரியுது ரோவெனா, அந்தப் புறாக்கள்" என்றார்.

"அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே ஐயா. அதால யாருக்கு என்ன குறைஞ்சுது?"

"அந்த அம்மா கேட்டது எந்தப் புத்தகத்திலயும் இல்லையே."

அவள் பேனாவை எடுத்தாள். புறாக்கள் இருந்த வரியின் மேல் கோடு போட்டாள். பாதியில் கை நின்றது.

"பத்திரிகையில வந்தது பொய்னு எழுதினா, எழுதினது யாருன்னு கேட்பாங்க. இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேரு போயிடும் ஐயா. யாரோ ஒரு நிருபர்னு போட்டுடறேன். அந்தச் செய்திக்கு அடியிலயும் உங்க பேர் இல்லையே."

ஆம்ப்ரோஸ் மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அந்தக் காலத்துல செய்திக்கு அடியில பேர் போட மாட்டாங்கம்மா. இப்போ போடு."