கூரைக்கு அடியில் வாசித்த கடிதம்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு சிறிய மடம் இருந்தது. மடத்தில் ஒரு ஜீப் இருந்தது. சுற்றியுள்ள ஏழு ஊர்களில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் அந்த ஜீப்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்.

தை மாதத்தில் மட்டும் அது காலையில் கிளம்பாது. உறைபனியில் விறைத்துப்போய் நிற்கும். நான்கு பேர் தள்ள வேண்டும்.

அதனால் மடத்துத் தலைவி செங்கமலத் தாயார் ஜீப்புக்கு ஒரு கொட்டகை போடச் சொன்னார். சூசை என்ற கூரைக்காரர் போட்டுக் கொடுத்தார். பன்னிரண்டு கற்பூர மரக் கம்பங்களுக்கு அடியில் தார் பூசி, மூன்றடி ஆழத்தில் நட்டார். மேலேயும் பக்கங்களிலும் தகரம் அடித்தார். முகட்டில் நான்கு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, அதன்மேல் மழை நுழையாதபடி ஒரு தகரத் தொப்பி கவிழ்த்தார்.

தகரம் பனியைத் தடுத்தது. குளிரைத் தடுக்கவில்லை. உள்பக்கம் குளிர் தாங்கும்படி எதையாவது அடிக்க வேண்டும். அந்த வேலையைத் தாயார் தம் சீடர் நாகசுந்தரத்திடம் கொடுத்தார்.

நாகசுந்தரம் தாயாரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அரசாங்கத்தில் பொறியாளராக இருந்தவர். பிறர் கட்டிய கட்டடங்களைப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று எழுதுவதே முப்பத்தொரு வருஷம் அவருடைய வேலை. ஓய்வு பெற்ற மறு மாதமே மடத்துக்கு வந்துவிட்டார்.

வைக்கோல் அடிக்கலாமா, தென்னை நார்ப் பாய் அடிக்கலாமா, தெர்மகோலா, கண்ணாடிப் பஞ்சா என்று அவர் தாயாரிடம் கேட்டார். கொட்டகை போட்டவரைக் கேளுங்கள் என்றார் தாயார்.

நாகசுந்தரம் அரை மனதோடு போய்க் கேட்டார். வைக்கோலில் எலி வரும், நார்ப் பாய் ஈரம் பிடிக்கும், தெர்மகோல் போதும் என்றார் சூசை. எதை அடித்தாலும் முகட்டு இடைவெளியை மட்டும் அடைக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, தன்னுடைய மேஸ்திரி அப்படித்தான் விடுவார், தானும் விடுகிறேன் என்றார்.

அது ஒரு காரணமாக நாகசுந்தரத்துக்குப் படவில்லை. போர்த்திக்கொள்கிற கம்பளியில் யாராவது ஓட்டை வைப்பார்களா?

இரண்டு அங்குல தெர்மகோல் பலகைகளை அளந்து வெட்டி, சட்டத்துக்குச் சட்டம் பொருத்தினார். மூலைகளில் கண்ணாடிப் பஞ்சைத் திணித்தார். கடைசியாக முகட்டு இடைவெளியிலும் பஞ்சை அடைத்து டேப் ஒட்டினார். மறுநாள் காலை ஜீப் முதல் சாவியிலேயே கிளம்பியது. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள்.

ஐந்தாம் நாள் கூரை ஒழுகியது.

காலை எட்டு மணிக்கு வெயில் கூரையில் பட்டதும், பலகை இடுக்குகளில் இருந்து ஜீப் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பத்து மணிக்கு நின்றுவிட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

நாகசுந்தரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ராத்திரி தகரத்தின் மேல் படிகிற பனி, வெயிலில் உருகுகிறது. சூசை முடுக்கிய போல்ட்டுகளின் ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிறது.

சூசையை வரச் சொன்னார்கள். சூசை கூரைமேல் ஏறிப் பன்னிரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். கீழே ஒரு சொட்டு விழவில்லை.

"தண்ணிக்குத் தெரியாத ஓட்டை பனிக்கு மட்டும் தெரிஞ்சிருக்குமா சார்?" என்றார்.

குடத்துத் தண்ணீர் ஓடிவிடும், பனி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் என்றார் நாகசுந்தரம். 

ஓட்டையைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக நாகசுந்தரம் கொட்டகைக்கே குடிபோனார். ஜீப் பக்கத்தில் ஒரு கட்டில். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அதன்மேல் எப்போதும் சுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். கதவை இறுகச் சாத்திக்கொள்வார். காலையில் சொட்டும் இடங்களை எண்ணி நோட்டில் எழுதுவார். முதல் நாள் ஐந்து இடம். மறுநாள் பதினான்கு. அதற்கு மறுநாள் இருபத்தாறு.

"மூணு ராத்திரி காவல் இருந்தீங்களே சார், திருடன் சிக்கினானா?" என்று கேட்டார் சூசை.

"சிக்கிட்டார். எதிர்லதான் நிக்கிறார்" என்றார் நாகசுந்தரம்.

சூசையின் முகம் மாறிப்போயிற்று. அதன்பிறகு அவர் கேலி பேசவில்லை.

அந்த வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் நாகசுந்தரத்துக்கு எழுதியிருந்தார்கள். ஆறு வகுப்புகளுக்குக் கூரை மாற்றப்போகிறார்கள். சூசையிடம் கொடுக்கலாமா? நாகசுந்தரம் சொன்னால் சரி.

நாகசுந்தரம் நான்கு பக்கம் எழுதினார். ஒவ்வொரு போல்ட்டாகக் குறிப்பிட்டு எழுதினார். மறுநாள் ஏழரை மணிப் பால் வண்டியில் கொடுத்தனுப்ப எடுத்துவைத்தார்.

விஷயம் எப்படியோ சூசைக்குத் தெரிந்துவிட்டது. விடியும்போதே வந்து கொட்டகை வாசலில் நின்றார். தாயாரும் வந்தார். உள்ளே போய்க் கட்டில் ஓரமாக நின்றார்.

"சார், அந்தக் கடுதாசி போக வேணாம்" என்றார் சூசை.

"நான் பொய் எழுதல."

"இந்த மலையில ஒரு கூரை ஒழுகுதுன்னு பேர் வந்தா, அடுத்த கூரைக்கு ஒருத்தனும் கூப்பிட மாட்டான். எனக்கு வேற வேலை தெரியாது."

"ஒழுகுற கூரைக்கு அடியில பிள்ளைங்களை உட்கார வைக்கச் சொல்றீங்களா?"

  சூசை விறுவிறுவென்று கம்பத்தில் ஏறினார். முகட்டுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்து, ஒரு தெர்மகோல் பலகையைப் பெயர்த்தார்.

தகரத்தின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

"பாருங்கம்மா, பனி உள்ளேயே வந்திருச்சு" என்றார் நாகசுந்தரம்.

 சூசை தோள் துண்டால் தகரத்தை அழுத்தித் துடைத்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தார். நடுவில் இருந்த போல்ட்டைத் திருகிப் பார்த்தார். அது அசையவில்லை.

அப்போது மணி ஏழேகால். வெளியே டிரைவர் ஜீப்பை நிறுத்தி என்ஜினைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் கொட்டகைத் தகரம் முழுக்க அதிர்ந்தது.

தாயார் நாகசுந்தரத்தின் காதருகில் வந்தார்.

"கடிதத்தைப் படிச்சுக் காட்டுங்க ஐயா."

நாகசுந்தரம் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார்.

"இங்கே இல்லை. மேலே ஏறிப் படிங்க."

போல்ட்டைத் தொட்டுக் காட்டிக்கொண்டே படிக்கச் சொல்கிறார் என்று அவர் நினைத்தார். அது முறைதான். ஏணியைச் சாய்த்து, கடைசிப் படிக்கு முந்திய படி வரை ஏறினார். தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தகரம். ஒரு முழ தூரத்தில் சூசையின் முகம்.

கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். என்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதால் உரக்கப் படித்தார். முதல் பக்கத்தில் கம்பங்களின் அளவு இருந்தது. இரண்டாம் பக்கத்தில் சூசையின் கவனக்குறைவு பற்றி இருந்தது. 'இவர் செய்த வேலையை நம்பிக் குழந்தைகளை' என்ற இடத்தில் அவர் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். சூசை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து படித்தார்.

மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

நாகசுந்தரம் அண்ணாந்து பார்த்தார். தகரத்தில், அவருடைய வாய்க்கு நேர் மேலே, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம் படர்ந்திருந்தது. அதைச் சுற்றி எங்கும் தகரம் காய்ந்தே இருந்தது. வெயில் இன்னும் கூரைக்கு வரவில்லை. மேலே எதுவும் உருகவில்லை.

அவர் விரலால் அந்த ஈரத்தைத் துடைத்தார். தகரத்தை நோக்கி மெல்ல ஊதினார். துடைத்த இடம் மறுபடியும் நனைந்தது.

கீழே பார்த்தார். கட்டில் தெரிந்தது. அடுப்பின்மேல் சுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி நேராக மேலே வந்தது. போக வழியில்லாமல், அவர் ஒட்டிய டேப்பில் முட்டித் தகரத்தின் அடியில் பரவியது. அடுப்பு வருவதற்கு முன்னால் மண் தரையின் ஈரமும் இப்படித்தான் ஏறியிருக்கும்.

வெளியே என்ஜின் நின்றது. கொட்டகை சட்டென்று அமைதியாயிற்று. தூரத்து வளைவில் பால் வண்டி ஹாரன் அடித்தது.

சூசை கையை நீட்டி முகட்டில் இருந்த டேப்பின் நுனியைப் பிடித்தார். இழுக்கவில்லை. நாகசுந்தரத்தின் முகத்தைப் பார்த்தார். நாகசுந்தரம் தலையை அசைத்தார். சூசை இழுத்தார். பஞ்சு பொத்தென்று கீழே விழுந்தது.

பால் வண்டி வாசலில் வந்து நின்று, இரண்டாம் தரம் ஹாரன் அடித்தது. யாரும் வெளியே போகவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டி போய்விட்டது.

நாகசுந்தரம் ஏணியில் இருந்து இறங்கவில்லை. அங்கிருந்தபடியே கேட்டார்.

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அம்மா?"

"தெரியாது. கூரை வேலை எனக்கு என்ன தெரியும்?"

"அப்புறம் எதுக்கு என்னை மேலே ஏறிப் படிக்கச் சொன்னீங்க?"

"ஜீப் சத்தம் போட்டுக்கிட்டிருந்துச்சு ஐயா. கீழே நின்னு படிச்சிருந்தா சூசைக்குக் கேட்டிருக்காது."